பழைய கூட்டுக்குப் புது வாய்

மரக்கட்டையில் மாட்டிய காலித் தோட்டாக்கூடு டிரில்லில் சுற்றுகிறது. ஆர்விட் பிளேடை லேசாக அழுத்துகிறார். சிவப்புப் பிளாஸ்டிக் வளையம் ஒன்று கழன்று விழுகிறது. அதை எடுத்துச் சுண்டுவிரலில் மாட்டிச் சுற்றிப் பார்க்கிறார். துளிப் பிசிறு இருந்தாலும் பிளேடைக் கழற்றித் தீட்ட உட்கார்ந்துவிடுவார். இல்லையென்றால், "முட்டாய் மாதிரி இருக்கு பாரு" என்பார், பக்கத்தில் ஆளே இல்லாவிட்டாலும்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் அவருடைய ஊர்க்காரர்கள் சுட்ட தோட்டாவைத் தூக்கி எறிவதில்லை. ஞாயிறு காலை கிளப்பில், வானில் வீசும் களிமண் தட்டுகளைத் துப்பாக்கியால் சுட்டு முடித்ததும் குனிந்து கூடுகளைப் பொறுக்குவார்கள். வீட்டில் வைத்து மறுபடி வெடிமருந்தும் ஈயக்குண்டும் நிரப்புவார்கள். நிரப்பும் ஒவ்வொரு முறைக்கும் பித்தளை அடியில் மையால் ஒரு கோடு. ஐந்து கோடு விழுந்த கூடு குப்பைக்குத்தான். வாய் மட்டும் முன்னதாகவே கிழிந்துபோனால் அதை நறுக்கி விளிம்பைச் சுருட்டி மூடலாம். அங்கேதான் ஆர்விட் வருகிறார்.

கடையில் விற்கும் நறுக்குக் கருவியைக் கண்டாலே அவருக்கு ஆகாது. முதல் கருவியைக் குழாய் வெட்டும் கத்தியில் செய்தார். இரண்டாவது, பென்சில் சீவும் யந்திரத்தின் கைப்பிடியில். மூன்றாவதற்கு மனைவி மார்லிஸின் மாவு உருட்டும் கட்டை பலியானது. "சமையக்கட்டுல எது காணாமப் போனாலும் இந்த ஆளோட பட்டறையிலதான் தேடணும்" என்று அவள் ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். நாலாவது, உடைந்த நாற்காலியின் ஓக் காலில் துளையிட்டு, பிளேடுக்குப் பள்ளம் செதுக்கிச் செய்தது. அதில் நறுக்கினால் எல்லாக் கூடும் ஒரே உயரம்.

அந்த நாலாவதுதான் அவரைக் கவிழ்த்தது. வசந்தத்தில் கிளப்பில் எல்லோரும் சாமான்களைப் பரப்பி வைக்கும் நாளன்று, கருவியைக் காட்டி நாலு பேர் மெச்ச வேண்டும் என்று ஆசை. காட்ட நல்ல கூடுகள் போதவில்லை. குப்பை வாளியிலிருந்து ஐந்து கோட்டுக் கூடுகளை அள்ளி நறுக்கினார். புதுத் தோட்டா போலவே இருந்தன. அடியில் கோடுகள் மட்டும் கண்ணை உறுத்தின. பெயின்ட் தின்னரில் நனைத்த துணியால் துடைத்துவிட்டார். பெருமைக்கு எருமை மேய்ப்பது என்பது இதுதான்.

நாற்பது வருஷச் சிநேகிதர் டெல்பர்ட் ஒன்றை எடுத்துப் பார்த்தார். "எத்தனை தடவை சுட்டதுப்பா?"

சுற்றிலும் ஆட்கள். "ஒரே தடவைதான்" என்று வாய் முந்திக்கொண்டது. கூடுகள் இருந்த முழுப் பையையும் அவருக்குச் சும்மாவே கொடுத்தார்.

ஆகஸ்ட் போட்டியில் டெல்பர்ட் அந்தக் கூடுகளில் நிரப்பிய தோட்டாக்கள் வெடிக்கவில்லை, புஸ்ஸென்றன. பலமுறை சுட்டு அடி தளர்ந்த கூட்டில் மருந்து சரியாக எரியாது. குண்டுகள் பாதி தூரத்திலேயே உதிர்ந்தன. டெல்பர்ட்டுக்கு இரண்டு வருஷமாகக் கை நடுக்கம். அதனால் கூட்டின் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

"ஏய் டெல்பர்ட், மருந்தை அளந்து போட்டியா, உப்பு மாதிரி தூவினியா?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். டெல்பர்ட்டும் சிரித்தார். ஆர்விட்டும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவருக்குக் கூசுகிறது. பொய்யையாவது வாய் தவறியது என்று சொல்லிக்கொள்ளலாம். சிரிப்புக்கு என்ன சாக்கு? சரியாக எரியாத தோட்டாவில், மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இருக்கும் அடைப்பு துப்பாக்கிக் குழலில் சிக்கியிருந்தால் அடுத்த வேட்டில் குழலே பிளந்திருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு ஒரு மாதம் பட்டறைப் பக்கம் போகவில்லை. மார்லிஸ் கேட்டதற்கு முதுகு வலி என்றார்.

போன வெள்ளிக்கிழமை கிளப்பில் மீன் வறுவல் விருந்து. டெல்பர்ட் மெதுவாகச் சொன்னார்: "தோட்டா நிரப்புற மிஷினை மருமகன் நாளைக்கு வந்து எடுத்துக்கறான். துப்பாக்கியும் அவனுக்குத்தான். என் கையை நானே நம்பலப்பா. யார் மேலயாவது பட்டுத் தொலைச்சா?"

ஆர்விட் வாயில் வைத்த மீன் துண்டைத் தட்டிலேயே துப்பினார். "என்ன, முள்ளு குத்திடுச்சா?" என்றாள் மார்லிஸ்.

அவர் எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. மேசையே திரும்பிப் பார்த்தது.

"உன் கை இல்லடா. என் கூடு. எல்லாம் அஞ்சு கோடு. நான்தான் துடைச்சேன்."

டெல்பர்ட் தன் இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நீயும் சிரிச்சியே?"

"சிரிச்சேன்."

டெல்பர்ட் வலது கையை நீட்டினார். அது வழக்கம்போல நடுங்கிக்கொண்டிருந்தது. ஆர்விட் தன் கையைக் கால்சட்டையில் துடைத்தார். மறுபடி துடைத்தார். நீட்டிய கை அப்படியே காத்திருக்க, அவர் துடைத்துக்கொண்டே நின்றார்.