காய்ச்சல் வந்த வீடு

கோவிந்தாபுரத்து நார் மில்லில் தேங்காய் மட்டை ஊறும் குட்டைக்குப் பக்கத்திலேயே வேலையாட்களின் குடிசைகள். கறுத்த தண்ணீரில் கொசு கொழுத்தது. முதலாளி வீட்டு ஜன்னல்களுக்கு மட்டும் வலை அடித்திருந்தார்கள். பூவாத்தாள் அங்கே வேலைக்குச் சேர்ந்தது கல்யாணமான புதிதில். மகள் மௌனிகா நடக்கத் தொடங்கிய காலத்தில் பூவாத்தாளின் இடது கால் வீங்கியது. பிறகு வடியவே இல்லை.

பாவம் செய்த கால் என்றார்கள். பரம்பரை என்றார்கள். யானைக்கால் பரம்பரையாக வருவதல்ல, தொட்டால் ஒட்டுவதும் அல்ல. ஒருவர் ரத்தத்திலிருக்கும் நுண்புழுவை உறிஞ்சும் கொசு, அதை இன்னொருவர் உடம்பில் இறக்குகிறது. குட்டையைத் திறந்து போட்டவரை யாரும் கேட்கவில்லை. கடிபட்டவள்தான் சேலை தரையில் புரள நடந்தாள்.

அரசு ஆண்டுதோறும் வீடு வீடாக யானைக்கால் தடுப்பு மாத்திரை கொடுத்தது. ரத்தத்தில் புழு இருப்பவர் அதை விழுங்கினால், புழு சாகும்போது காய்ச்சல் வரலாம். மருந்து வேலை செய்கிறது என்று அதற்கு அர்த்தம். ஊரோ அதை வைத்து நோயுள்ள வீட்டைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டது. மாத்திரை கொடுத்த மறுநாள் எந்த வீட்டில் காய்ச்சல் என்று தெருவே வேவு பார்த்தது. கல்யாண வயதில் பிள்ளைகள் இருந்த வீடுகளில் மாத்திரை குப்பைக்குப் போனது. பூவாத்தாளும் மகளின் பங்கை வாங்கி முந்தானையில் முடிந்து, பிறகு எறிந்தாள்.

இந்த ஆண்டு சுகாதாரப் பணியாளர் லிஜி வந்தபோது, மௌனிகாவுக்குக் கொல்லங்கோட்டுப் பையனோடு நிச்சயம் முடிந்திருந்தது. நிச்சயத்தன்று வீங்கிய காலைச் சேலைக்குள் மறைத்து உட்கார்ந்த பூவாத்தாள், சம்பந்தி வீட்டார் கிளம்பும்வரை எழவில்லை.

"கல்யாணம் முடியட்டும் கண்ணு" என்று, லிஜியிடம் மாத்திரை வாங்கிய மகளின் கையைப் பிடித்தாள்.

"என்ற காலும் வீங்கட்டும்னு இருக்கறயாம்மா?" என்று கேட்ட மௌனிகா, லிஜியின் கண்ணெதிரே விழுங்கினாள்.

மறுநாள் காய்ச்சல். பக்கத்து வீட்டுப் பழனாத்தாள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"ஏனுங்க பூவக்கா, புள்ளைய வெளியவே காணோம். மாத்திரை சேரலீங்களா?"

மழையில் நனைந்துவிட்டாள் என்றாள் பூவாத்தாள். மழை பெய்து வாரக்கணக்காகியிருந்தது. உள்ளே திரும்பியபோது மௌனிகா விழித்திருந்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். காலை மறைத்து நடந்த எந்த நாளிலும் பூவாத்தாள் இப்படிக் கூசியதில்லை.

சாயங்காலம் சம்பந்தியம்மா போனில் அழைத்தார். காய்ச்சல் செய்தி கொல்லங்கோடு போய்விட்டிருந்தது. மழை என்ற சொல் மறுபடியும் நாக்குவரை வந்தது. போர்வைக்கு வெளியே மகளின் பாதங்கள் தெரிந்தன. இரண்டும் ஒரே அளவு.

"மாத்திரைக் காச்சலுங்க. புழு இருந்திருக்குது. எனக்கு ஆனைக்காலுங்க, உங்ககிட்ட மறைச்சுட்டேன். இத்தன வருசம் அவள முழுங்க விடாததும் நாந்தானுங்க."

எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள். பிறகு சம்பந்தியம்மாவின் குரல் தணிந்து வந்தது.

"என்ற பையனுக்கும் குடுத்தாங்க. நான் எடுத்துக் கோழிக்குப் போட்டுட்டனுங்க."

கல்யாணத்தைப் பற்றி இருவருமே கேட்கவில்லை. காலையில் பையனை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டு சம்பந்தியம்மா போனை வைத்தார்.