பாலம் வழியாக ஜெராய் மலைக்கு

காலை ஏழு இருபதுக்கு என் மகள் தர்ஷினி ஜெராய் மலையிலிருந்து விழுந்தாள். மலை என் முழங்கால் உயரம். விழுந்த இடம் சிமெண்டுத் தரை. விழுந்தவள் எழுந்திருக்கவில்லை.

நான் அப்போது பாடாங் மேஹாவில் நின்றிருந்தேன். அதாவது, எங்கள் பள்ளியின் காலைச் சபைகூடல் திடலில் வரைந்திருந்த வரைபடத்தில், பாடாங் மேஹா இருக்கும் மூலையில். எனக்கும் மகளுக்கும் இடையே இரண்டு வகுப்பறை நீளம் இருக்கும்.

நான் தோட்டத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் ஆசிரியை. சுங்கை பட்டாணியில், பாக்கார் ஆராங்கில் வீடு. ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகளையும் காரில் ஏற்றிக்கொண்டு தினமும் வந்து போகிறேன். மாணவர்களுக்கு வரைபடம் சொல்லித் தர நினைக்கும் இளம் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. வடக்கு

எல்லாம் ஒரு கேள்வியில் ஆரம்பித்தது. "வடக்கு எது?" என்று வகுப்பில் கேட்டேன். முப்பது பிள்ளைகளும் கூரையில் சுழலும் காற்றாடியைக் காட்டினார்கள். சுவரில் மாட்டிய வரைபடத்தில் வடக்கு மேலே இருக்கிறது. மேலே போனால் காற்றாடி. அவர்கள் மேல் தவறு இல்லை.

வரைபடத்தைத் தரையில் போட்டால் இந்தச் சிக்கல் தீரும் என்று நினைத்தேன். திடலில், பாடாங் மேஹாவிலிருந்து கடலோர ஊரான யான் வரைக்கும் பெயிண்டால் வரைவது. திசைகாட்டியை வைத்து, வரைபடத்தின் வடக்கையும் உண்மையான வடக்கையும் ஒரே கோட்டில் கொண்டுவந்தேன். அதனால் படம் கட்டடத்துக்குக் கோணலாக விழுந்தது. தலைமையாசிரியர் ஒழுங்கு பார்ப்பவர். இடுப்பில் கைவைத்து நெடுநேரம் பார்த்தார்.

"டீச்சர், வடக்கக் கொஞ்சம் திருப்ப முடியாதா? கொடிக்கம்பத்துக்கு நேரா வந்தா பார்க்க லட்சணமா இருக்கும்."

"அது நம்ம கையில இல்ல சார்."

"ரெண்டடி லா டீச்சர். யாரு பார்க்கப் போறா?"

நான் திருப்பவில்லை. வரைபடத்தில் கொடிக்கம்பம் மலாக்கா நீரிணைக் கடலுக்குள் போய்விட்டது.

2. அளவுகோல்

ஒரு மீட்டருக்கு இரண்டரைக் கிலோமீட்டர் என்று அளவு வைத்தோம். அந்தக் கணக்கில் ஜெராய் மலை அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. மேடைப் பலகைகளை அடுக்கடுக்காக வைத்து மலையைக் கட்டினோம். ஒவ்வோர் அடுக்கின் விளிம்பிலும் பழுப்புக் கோடு. சமவுயரக் கோடு என்றால் என்ன என்று இனிமேல் நான் சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகள் ஏறிப் பார்த்தாலே தெரியும் என்று பெருமைப்பட்டேன்.

கேண்டீன் நடத்தும் லெட்சுமி அக்கா கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"என் வீடு எங்க டீச்சர்?"

"இந்த அளவுல உங்க வீடு ஒரு மிளகு அளவுதான் வரும் அக்கா."

"பரவால்ல, போடுங்க. அடுப்படிய மட்டும் கொஞ்சம் பெருசா போடுங்க."

சாலைகளைப் பிள்ளைகள் நடக்கும்படி ஓர் அடி அகலத்தில் கறுப்பாக வரைந்தோம். எங்கள் அளவுகோலின்படி அது முக்கால் கிலோமீட்டர் அகலம். வரைபடத்தில் சாலையை எப்போதுமே உண்மையைவிட அகலமாகத்தான் போடுவார்கள், இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாது என்று விளக்கினேன். இது உண்மை. பிறகு அதனால் பட்ட அவதியும் உண்மை.

3. குறியீடு

தோட்டத்துக் கோயிலைச் சின்ன முக்கோணமாகப் போட்டோம். மறுநாள் காலை அந்த முக்கோணத்தின் மேல் ஒரு செம்பருத்திப் பூ இருந்தது. யார் வைத்தது என்று கேட்க எனக்குத் துணிவில்லை. அதற்கு மறுநாள் கற்பூரம் எரிந்த கறை.

"மிதிபடுற எடத்துல கோயிலப் போட்டுட்டீங்க. நாங்க சும்மா போவ முடியுமா?" என்றார் லெட்சுமி அக்கா.

"அது கோயில் இல்லக்கா, கோயிலுக்குக் குறியீடு."

"சாமி படமும் சாமிக்குக் குறியீடுதான். அத மிதிப்பீங்களா?"

கோயிலைச் சுற்றி நடக்கச் சொன்னோம். அப்படியானால் பள்ளிவாசலையும் சுற்ற வேண்டும் என்றார் தலைமையாசிரியர், அது நியாயம். பிள்ளைகளும் தங்கள் வீட்டை யாரும் மிதிக்கக் கூடாது என்று சண்டை போட்டார்கள். நாங்கள்தான் வீட்டுக்கு ஒரு மிளகளவுப் புள்ளி வைத்திருந்தோமே. கடைசியில் தலைமையாசிரியர் சபைகூடலில் அறிவித்தார்: இனி திடலில் எல்லாரும் சாலையில் மட்டும் நடக்க வேண்டும்.

சபைகூடலுக்குப் பள்ளி முழுவதும் வரிசையாக நிற்க இடம் வேண்டும். யான் வயல்வெளிதான் சமதளம் என்று அங்கே நிறுத்தினோம். ஆனால் நெல்லுக்குக் குறியீடாகப் புள்ளி வைக்கச் சொன்ன இடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் ஈரப் பெயிண்டின் மேல் நிஜமான நெல்லைத் தூவி ஒட்டியிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது.

"நெல்ல மிதிச்சுக்கிட்டு நின்னுட்டு, அப்புறம் எங்கிட்ட வந்து பசியாற கேப்பீங்களா?" என்று லெட்சுமி அக்கா கேண்டீன் கதவைச் சாத்தினார்.

மிச்சம் இருந்தது கடல். கடலில் கோயில் இல்லை, வீடு இல்லை, நெல் இல்லை. அன்று முதல் எங்கள் பள்ளி கடலில் நின்று நாட்டுப்பண் பாடியது. ஒரு வாரத்தில் அது யாருக்கும் விசித்திரமாகத் தெரியவில்லை. எனக்கும்தான்.

4. சாலை

அன்று சபைகூடலில் தர்ஷினி மலைமேல் நின்று சமவுயரக் கோடுகளைப் பற்றிப் பேச வேண்டும். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத பிள்ளை. வீட்டில் கட்டில்மேல் நிறுத்திப் பழக்கியிருந்தேன். நான் பாடாங் மேஹாவில் மைக்கோடு நின்றேன். தலைமையாசிரியரும் மாணவர்களும் கடலில் இருந்தார்கள்.

நன்றாகத்தான் பேசினாள். "கோடுகள் நெருக்கமா இருந்தா சரிவு செங்குத்தா இருக்கும்" என்று சொல்லி, நெருக்கமான பக்கத்தைக் காட்ட ஓர் அடி பின்னால் வைத்தாள். அங்கே கோடுகள் மிகவும் நெருக்கம்.

மைக்கைப் போட்டுவிட்டு ஓடினேன். பாடாங் சிராய் வழியாக ஓடினேன். மூடா ஆற்றுப் பாலத்தில் ஏறினேன். சுங்கை பட்டாணி சந்திப்பில் நின்று வலமும் இடமும் பார்த்தேன். பீடோங் தாண்டி, குருணில் இடப்பக்கம் திரும்பி, மலையடிக்கு வந்தேன். கடலிலிருந்து தலைமையாசிரியர் உரக்க வழி சொல்லிக்கொண்டிருந்தார். "பாலம் வழியா, டீச்சர், பாலம் வழியா." அவருக்கும் என் மகளுக்கும் நடுவே மூன்று எட்டு வைத்தால் கடக்கக்கூடிய யான் வயல். அவர் அதன் விளிம்பில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார்.

தர்ஷினி கண் மூடிக் கிடந்தாள். இடது கை ஆகாத கோணத்தில் மடங்கியிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. பிறகு கண் திறந்தாள். பள்ளியில் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

"அம்மா," என்றாள். "ஏம்மா சுத்தி வந்தீங்க?"

"பாலம் அங்கதான்மா இருக்கு," என்றேன். சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

முதலுதவி வகுப்பில், அடிபட்டவரைத் தூக்கக் கூடாது என்று படித்திருக்கிறேன். கையை அசையாமல் பிடித்தபடி உட்கார்ந்தேன். ஆம்புலன்ஸுக்கு யாரோ போன் செய்தார்கள். லெட்சுமி அக்கா ஐஸைத் துண்டில் சுற்றிக்கொண்டு கேண்டீனிலிருந்து புறப்பட்டார். பள்ளிக் காவலர் என் பின்னாலேயே முதலுதவிப் பெட்டியோடு புறப்பட்டு, குருணில் நினைவு வந்து கத்தரிக்கோல் எடுக்கத் திரும்பிக்கொண்டிருந்தார். இருவரும் மூடா பாலத்தில் எதிரெதிராக மாட்டினார்கள்.

"அண்ணே, பின்னால போங்க. ஐஸ் கரையுது."

"நான் பாதி பாலம் வந்துட்டேன் லா. நீங்க போங்க."

"பொம்பளைக்கு வழி விடமாட்டீங்களா?"

"எங்க விடறது? ஆத்துல எறங்கவா?"

அந்தப் பாலம் முக்கால் கிலோமீட்டர் அகலம். விலகிப் போக இடமில்லை. ஐஸ் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மூடா ஆற்றில் விழுந்தது.

5. நேர்க்கோடு

இளம் ஆசிரியர்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். வரைபடத்தைப் பிள்ளைகள் கையில் மடித்து வைத்துக்கொள்ளும் அளவில் கொடுங்கள். அவர்கள் அதைப் பார்க்க வேண்டும். அதற்குள் குடியேற விடாதீர்கள். முக்கியமாக, நீங்கள் குடியேறாதீர்கள். இரண்டு புள்ளிகளுக்கு இடையே மிகக் குறுகிய தூரம் நேர்க்கோடு என்று பல வருடங்களாகக் கரும்பலகையில் எழுதி வருகிறேன். என் பிள்ளை கீழே கிடந்தபோது எனக்கு நேர்க்கோடு தெரியவில்லை. இதை நினைத்தால் இப்போதும் கார் ஓட்டும்போது ஓரமாக நிறுத்திக்கொள்கிறேன். தர்ஷினியின் மாவுக்கட்டைப் போன மாதம் பிரித்துவிட்டார்கள். அவள் ஓடுகிறாள்.

அன்று ஆம்புலன்ஸ் கொடிக்கம்பத்துப் பக்க வாசலில் நின்றது. இருவர் ஸ்ட்ரெச்சரோடு இறங்கினார்கள். முன்னால் வந்தவர் மலாய்க்காரர், என் வயதிருக்கும். கடலில் நின்ற மாணவர்கள் விலகி வழிவிட்டார்கள். தலைமையாசிரியர் வயலின் விளிம்பில் கை நீட்டி மறித்து, மலாயில் மரியாதையாக விளக்கினார்: இது நெல், இதை யாரும் மிதிப்பதில்லை, தயவுசெய்து அந்தப் பக்கமாகப் போய் சுங்கை பட்டாணி வழியாக வாருங்கள், ஆனால் பாலத்தில் இப்போது கொஞ்சம் நெரிசல்.

ஸ்ட்ரெச்சரோடு முன்னால் வந்தவர் குனிந்து நெல்லைப் பார்த்தார். நாங்கள் எழுதியிருந்த ஊர்ப் பெயரைப் படித்தார். மலையடியில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். பிறகு சப்பாத்து இரண்டையும் காலாலேயே உதறிவிட்டு வயலில் இறங்கினார்.

"நான் யான்காரன், சார்," என்றார் மலாயில் தலைமையாசிரியரிடம். "இது எங்க அப்பா வயல். மிதிச்சதுக்கு அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."