இரண்டரை லட்சம் ஆட்டங்கள்

மாத்திரைக் கம்பெனியில் பதினோரு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. இயந்திரம் கொட்டுகிற மாத்திரைகளில் இருபதை எடுத்து எடை போட்டு, சராசரியையும் திட்ட விலக்கத்தையும் எழுதுவாள். எடைகள் சராசரியை விட்டு எவ்வளவு சிதறுகின்றன என்று சொல்லும் எண் அது. எண் கூடினால் இயந்திரத்தை நிறுத்தச் சொல்வாள். வீண்பேச்சு கிடையாது. கம்பெனியில் அவளைக் 'கணக்கு' என்றுதான் கூப்பிடுவார்கள்.

கல்யாணம் முறிந்து அண்ணன் வீட்டு மாடியறைக்கு வந்த வருடம் கம்ப்யூட்டரில் பணம் கட்டிப் போக்கர் ஆடக் கற்றுக்கொண்டாள். அந்தச் சீட்டாட்டத்தையும் எடை போடாமல் விடவில்லை. குறைந்தபட்சப் பந்தயத்தை ஒரு புள்ளியாகவும் நூறு ஆட்டத்தை ஒரு கட்டாகவும் வைத்துக் குறித்தாள். நாற்பதாயிரம் ஆட்டம் முடிந்தபோது கட்டுக்குச் சராசரி நான்கு புள்ளி லாபம். திட்ட விலக்கமோ தொண்ணூறு. அத்தனை சிதறலில் அந்த நான்கு வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் வேலையை விட்டாள்.

"இன்னும் ரெண்டு லட்சம் ஆட்டம் ஆடினாத்தான் உறுதியாச் சொல்ல முடியும் அண்ணி. வேலைக்கும் போயிட்டு அது ஆகாது."

அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "உறுதியாத் தெரியறதுக்கு முன்னாடியே வேலைய விட்டுட்டு வந்து நிக்கிறியே."

ஆறே மாதத்தில் லாபம் கரைந்தது. குறிப்புகளைப் பிரித்துப் பார்த்தாள். பெரிதாகத் தோற்ற பிறகு ஆடிய கட்டுகளில் சிதறல் இரண்டு மடங்கு. ஆத்திரத்தில் கண்மண் தெரியாமல் பந்தயம் கட்டியிருக்கிறாள். ஒரே நாளில் மூன்று முறை பெரிதாகத் தோற்றால் எழுந்துவிடுவது என்று வைத்துக்கொண்டாள். விலக்கம் எழுபதுக்கு இறங்கியது. அன்று வெகுநாளைக்குப் பிறகு ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி படி இறங்கினாள்.

சராசரி மட்டும் ஏறவில்லை. பயத்தில் நல்ல சீட்டுகளையும் பந்தயம் கட்டாமல் கைவிட்டுக்கொண்டிருந்தாள். மாத்திரையில் சிதறல் குறைந்தால் அதுவே தரம். இங்கே, நிதானமாகத் தோற்கிறாள் என்பதைத் தவிர அதற்கு அர்த்தமில்லை. இது உறைக்க இன்னும் ஒரு வருடம் பிடித்தது.

இரண்டரை லட்சமாவது ஆட்டம் ஒரு பகல்வேளையில் முடிந்தது. கட்டுக்கு ஐந்து புள்ளி நஷ்டம். சிதறலுக்கு எவ்வளவு தாராளமாக இடம் கொடுத்தாலும் அந்த ஐந்து பூஜ்யத்தை எட்டவில்லை. நான்கு முறை கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

அண்ணன் மேலே வந்து அவள் முகத்தைப் பார்த்தான். "விடும்மா. உன் நேரம் சரியில்ல, அவ்வளவுதான்."

"நேரமில்லண்ணா. அப்படிச் சொல்லிக்கலாம்னுதான் இவ்வளவு நாள் ஆடினேன். எனக்கு ஆட வரல."

அண்ணன் கதவைச் சாத்திவிட்டு இறங்கிப் போனான்.

மறுநாள் அண்ணன் கம்ப்யூட்டரைக் கீழே கொண்டுபோக அவளே ஒரு பக்கம் பிடித்தாள். அதன் பிறகு பகலெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அண்ணி சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள். கூப்பிடாத வேளையில் பசித்ததா என்று அவளுக்கே தெரியாது.