பந்துல சேர் திறந்து காட்டிய பெட்டி

காலையில் அலுவலகத் தொலைபேசிக்குத்தான் செய்தி வந்தது. பந்துல சேர் கந்தளாயில் தன் வீட்டில் மாரடைப்பால் காலமானார் என்றார்கள். வீட்டுக்கு அழைத்து அப்பாவிடம் சொன்னேன். ஆர் சொன்னது, எப்ப என்று விசாரித்தார். பிறகு, "உண்மையா மாரடைப்புத்தானோ?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் ஒரு சாவுச் செய்தி வந்தால் துக்கத்துக்கு முன்னால் சந்தேகம் வந்து கதிரையில் உட்கார்ந்துவிடும். பந்துல சேர் இதைக் கேட்டிருந்தால் அப்பாவின் கேள்வியைப் பிழை என்று சொல்லியிருக்கமாட்டார்.

அவரோடு வேலை செய்தவர்களும், எங்கள் ஊரான சாம்பல்தீவில் அவரோடு சண்டை பிடித்தவர்களும் இதை வாசிப்பீர்கள். அவரை அறியாதவர்களுக்கு இரண்டு வரி: கடற்படையில் ரேடார் திருத்துபவராக இருந்து ஓய்வு பெற்றவர். பிறகு, கடலுக்குள் காற்றாலைகள் நிறுத்தலாமா என்று ஆராயும் எங்கள் கொம்பனியில் கருவிகளுக்குப் பொறுப்பாக இருந்தார். நான் அங்கே கள உதவியாளர். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கம்பஸ் போய்ப் படித்தவள் நான். அவரோடு ஊர்களுக்குப் போய், சனம் சொல்வதைச் சிங்களத்திலும் அவர் சொல்வதைத் தமிழிலும் சொல்வது என் வேலை. ஆனால் அவருக்கு வேண்டிய அளவு தமிழ் தெரியும். அப்படியானால் நான் எதற்கு? என் முதல் சந்தேகம் அங்கேதான் தொடங்கியது.

முதல் நாள் ஜீப்பில் போகும்போது, "உங்கட அப்பா எத்தின மணிக்குக் கடலுக்குப் போறது?" என்று கேட்டார்.

"காத்தைப் பொறுத்து, சேர்."

"எத்தின பேர் போறது?"

"வாற ஆக்களைப் பொறுத்து."

அவர் சிரித்தார். "ரேடாரில ஒண்டும் தெரியாட்டி ரெண்டு காரணம் இருக்கு, மிஸ். ஒண்டு, அங்க ஒண்டும் இல்லை. மற்றது, ஒளிச்சு நிக்குது."

நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தேன். எங்கள் ஊரில் வெளியாள் கேட்டால் எண்ணிக்கை சொல்வதில்லை. எத்தனை பேர், எத்தனை தோணி, எத்தனை மணி என்று யுத்த காலத்தில் வந்து கேட்டவர்கள் எதற்காகக் கேட்டார்கள் என்று ஊருக்குத் தெரியும். அதனால் சின்னப் பிள்ளைகூட "கொஞ்சப் பேர்" என்றுதான் சொல்லும்.

அந்தப் பழக்கமே எங்களை ஒரு இக்கட்டில் மாட்டிவிட்டது. நான் வேலைக்குச் சேருமுன் கொம்பனி ஆட்கள் வந்து, இந்தக் கரையில் வலை இழுப்பீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். "இடைக்கிடை" என்று ஊர் சொல்லியிருக்கிறது. வரைபடத்தில் எங்கள் கடல் வெறுங்கடல் ஆகிவிட்டது. ஆனால் அங்கேதான் எங்கள் கரைவலையின் பாடு இருக்கிறது. பாடு என்றால் ஒரு வலைக்கென்று தலைமுறையாக இருக்கும் கடல் துண்டு. அதற்கு வேலி இல்லை, வலை இழுப்பவர்களுக்குத்தான் எல்லை தெரியும். காற்றை அளக்கும் மிதவையைக் கட்டிவைக்க, அந்தப் பாட்டின் நடுவில் கொங்கிரீட் நங்கூரக் கல்லை இறக்கிவிட்டார்கள். பருவத்தின் முதல் வலை அதில் சிக்கி, மீன் சேரும் மடி கிழிந்து வெறுமையாக வந்தது. அப்பாவும் அந்த வலையைத்தான் இழுக்கிறவர். கல் அங்கேயே கிடந்தால் அந்தப் பருவம் எங்கள் ஊரில் பல வீடுகளுக்கு இல்லை.

நாங்கள் போனபோது, இன்னும் கடலில் இறக்காத மஞ்சள் மிதவை கரையில் தறப்பாளுக்குக் கீழே நின்றது; அதன் நடுவில் கொம்பனி முத்திரை வைத்துப் பூட்டிய பெட்டி. சனம் அதைச் சுற்றி நின்றது. வலைக்குச் சொந்தக்காரரான தங்கராசா சம்மாட்டி சேரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"பிள்ளை, உன்ர நேவிக்காரனைக் கேள். இது காத்தைப் பாக்கவோ, எங்களைப் பாக்கவோ?"

பின்னால் நின்ற ஒருவர், "காத்துக்கு என்னத்துக்குப் பூட்டுப் போட்ட பெட்டி? காத்து களவு போயிடுமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். "விளங்குது," என்றார் சேர். பிறகு தானே தமிழில் சொன்னார்: "கல்லை எடுக்கலாம். எங்க வைக்கிறது எண்டு தெரியோணும். உங்கட பாடு எங்க தொடங்குது, எங்க முடியுது? சொல்லுங்க."

"அது கொஞ்சத் தூரம்," என்று ஒருவர் கையை விரித்தார். கேட்டது அப்படிப்பட்ட கேள்வி, அதுவும் அப்படிப்பட்ட ஆள்.

சேர் திரும்பக் கேட்கவில்லை. பிறகு ஜீப்பில் இருந்து சாவிக்கொத்தை எடுத்து வந்து, "சரி. முதல்ல நான் காட்டுறன். பிறகு நீங்க காட்டுங்க," என்றார். கொம்பனி முத்திரையை உடைத்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "சேர், வேண்டாம்," என்று மெல்லச் சொன்னேன். அவர் முத்திரையை உடைத்துப் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். இது மேலே ஒளியை அனுப்பிக் காற்றின் வேகம் பார்ப்பது. இது அலையைப் பார்ப்பது. இது பற்றரி. இது செய்மதிக்குத் தகவல் அனுப்புவது. பிறகு அவர் கை நின்றது.

"இது கமரா," என்றார். "எனக்கு வந்த கருவிப் படத்தில இது இல்லை." தமிழில் சொன்னது போதாதென்று சிங்களத்திலும் சொல்லி, "எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்லுங்க, மிஸ்," என்றார். வகுப்பில்கூடச் சத்தமாகப் பேசாதவள் நான். அன்று கடைசியில் நின்றவருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

சம்மாட்டி கேட்டார்: "இது ஆருக்குப் போகுது?"

"கொம்பனிக்கு. கொம்பனியில இருந்து ஆருக்குப் போகுது எண்டு எனக்குத் தெரியாது. தெரியும் எண்டு நான் சொன்னா நம்பவேண்டாம்."

சம்மாட்டி குனிந்து கமராவைப் பார்த்தார். பிறகு, "தோணியை இறக்குங்கோடா," என்றார். அன்று பின்னேரம், கடலில் நின்று, கரையிலுள்ள கோயில் முகப்பையும் இரட்டைப் பனையையும் ஒரே நேராக வைத்துப் பாட்டின் எல்லையை அவருக்குக் காட்டினார்கள். எங்கள் ஊர் அப்படி ஒன்றை வெளியாளுக்குக் காட்டியதை நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

கல் எல்லைக்கு வெளியே போனது. வலை தடையில்லாமல் ஓடியது. கமரா களவுக்குப் பயந்து வைத்ததென்று கொம்பனி சொன்னது. பிறகு கழற்றிவிட்டோம் என்றது. கழற்றியதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. சேரை நகரத்துக் களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். ஏன் என்று எழுத்தில் ஒன்றும் இல்லை. "நல்லது. இங்க உப்புக் காத்து குறைவு," என்றார் அவர்.

இதற்குப் பிறகும் நான் அவரை முழுதாக நம்பினேன் என்று எழுதினால் அது பொய். ஒருநாள் துறைமுகத் தெருத் தேநீர்க் கடையில், படைக்காரர் மாதிரித் தலைமயிரை ஒட்ட வெட்டிய இரண்டு பேரோடு அவர் கதைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதை நின்றது. அவர் எங்கள் பாட்டின் எல்லையை வேறு யாருக்காவது காட்டினாரா? தெரியாது. என் முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்கவேண்டும். அடுத்த நாள், "சந்தேகம் நல்லது, மிஸ். ஆனா மனசுக்குள்ள வச்சிருந்தா அது பழுதாப்போகும். கேட்டுப்போடோணும்," என்றார். நான் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் ஏலாது.

செத்தவீட்டுக்கு ஊரில் இருந்து ஒரு வான் வண்டியில் போனோம். அவர் வீட்டுக்குப் போகும், வெள்ளைக் கொடி கட்டிய ஒழுங்கையில், அதே தலைவெட்டோடு ஒருவர் எங்களிடம் வந்தார். "சாம்பல்தீவோ? எத்தினை பேர்?" என்று தமிழில் கேட்டார். அப்பா நிலத்தைப் பார்த்தார். நான் "கொஞ்சப் பேர்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒன்பது பேர்," என்றார் தங்கராசா சம்மாட்டி. "இண்டைக்கு வெள்ளி. எனக்கு மரக்கறிச் சோறு."

வந்தவர் தலையாட்டிவிட்டுச் சாப்பாட்டுப் பார்சல் எடுக்கப் போனார்.

பந்துல சேரிடம் இருந்து நான் வைத்துக்கொண்டது சம்மாட்டியின் கேள்வியும் அதற்குச் சேர் சொன்ன பதிலும்தான். அடுத்த கிழமை எங்கள் கரைக்கு ஒரு ட்ரோன் கொண்டுவருகிறார்களாம், சுத்தமான சக்திக்காகவாம். ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று, இது ஆருக்குப் போகுது என்று கேட்கப்போகிறேன். குரல் நடுங்கும், பரவாயில்லை. தெரியும் என்று யாராவது உடனே சொன்னால், பெட்டியைத் திறக்கச் சொல்வேன்.