குமிழி பார்க்கிற வேலைக்கு வந்த சம்பந்தம்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் கணபதி ஊர்ப் பக்கம் பவுண்டரி, அதாவது இரும்பு வார்ப்புப் பட்டறை, வைத்திருந்தார்கள். பம்புசெட்டுக்கு உடல் வார்க்கிற தொழில். பையனோடு நாலைந்து முறை போனில் பேசியிருந்தேன், ரொம்பவே பிடித்திருந்தது. சாமி கும்பிடாத நான், இது அமைய வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டுதான் காபித் தட்டை எடுத்துப் போனேன்.

அணு என்ற சொல் வாயில் வரக்கூடாது, ஆராய்ச்சி என்று மட்டும் சொல் என்று அம்மா முன்பே எச்சரித்திருந்தாள். ஆனால் பையனின் அப்பா தொழில்காரர், என்ன ஆராய்ச்சி என்று விடாமல் கேட்டார். சொல்லிவிட்டேன். அணு உலையில் எரிந்து முடிந்த யுரேனிய வில்லைக்குள் வாயு சிறைப்பட்டிருக்கும். கனத்த கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்து, இயந்திரக் கையால் எடுத்துச் சூடேற்றுவோம். சூடு ஏற ஏறக் குமிழிகள் பருத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, இடுக்கு கண்டு வெளியேறும். வெளியேறியது எவ்வளவு, வில்லையின் உள்ளமைப்பு எப்படி மாறியது என்று பார்ப்பதுதான் என் வேலை.

அவர் முகம் மலர்ந்தது. "எங்க காஸ்டிங்லயும் காத்து சிக்கி அதே ஓட்டைதான் கண்ணு. நாங்க ரிஜெக்ட் பண்ணிப்போடுவோம். உங்களுக்கு அதுக்குச் சம்பளமே குடுக்கறாங்களா?" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

பையனின் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. "ஏன் அம்மணி, நாளைக்குக் கொழந்தைக்கு ஒண்ணும் ஆயிராதா?" என்று கேட்டார். கதிர்வீச்சை அளக்கச் சட்டையில் குத்துகிற பேட்ஜை மாதாமாதம் சோதிப்பார்கள், அளவு மீறியதே இல்லை என்றேன். ஒன்றுமில்லை என்றால் எதற்குச் சோதனை என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. பட்டறைத் தூசியில் காலமெல்லாம் இருமும் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் நுரையீரலைப் பற்றி எந்தச் சம்பந்தி வீடும் விசாரித்திருக்காது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பையனுக்காக அடக்கிக்கொண்டேன்.

கலந்து பேசிச் சொல்வதாகப் போனவர்கள், ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். பொருந்தியதால்தான் வந்தார்கள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

கொஞ்ச நாள் கழித்துப் பையனின் அப்பா தனியாக வந்தார், கையில் பையோடு. அதில் உடைந்த பம்பு உடல் ஒன்று. அனுப்பிய சரக்கெல்லாம் ஓட்டை என்று திரும்பி வந்துவிட்டதாம். என் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார்.

"இது அங்க போயிட்டு வந்தா உங்க ஊட்டுல பயப்படமாட்டாங்களா?" என்றேன்.

"இரும்புதான கண்ணு. இதென்ன கட்டிக்கிட்டு வரப்போற புள்ளையா?"

நல்ல மனிதர்; குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால்தான் அந்த இரும்பைக் கை நீட்டி வாங்க என்னால் முடியவில்லை.