இரண்டாம் டம்ளர் உப்பு

எனக்கு அப்போது ஏழு வயது. படூரில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு அம்மா இட்லி மாவு அரைத்து விற்றாள். இரண்டு கிரைண்டர், திருப்போரூரிலிருந்து பஸ்ஸில் வரும் இரண்டு அக்காக்கள், அப்போதுதான் வாடிக்கையாகியிருந்த ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. அம்மாவின் தொழில் அவ்வளவுதான். அங்கே ஒரே ஒரு சட்டம்: மாவில் உப்பு போட்டுக் கலக்குவது அம்மாவின் கை மட்டுமே. அந்தக் கை பட்டால்தான் மாவு பொங்கும் என்று எல்லோரும் நம்பினோம். மகள் என்பதால் அந்த ராசி என் கைக்கும் உண்டு என்று நான் கூடுதலாக நம்பியதுதான் வினையாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அம்மா போன் பேச வாசலுக்குப் போனாள். அண்டா நிறைய மாவு, பக்கத்தில் உப்பு டப்பா. மறந்துவிட்டாள் போல என்று நானே முடிவு செய்து, அவள் அளக்கும் டம்ளரால் ஒன்று தலைதட்டிப் போட்டு, தோள்வரை கையை விட்டுக் கலக்கினேன். கவுனெல்லாம் மாவு. அதைச் சுருட்டிக் குளியலறை வாளிக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, டிவி முன்னால் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டேன்.

அன்று ராத்திரியே மாவு அந்தக் குடியிருப்புக்குப் போய்விட்டது. மறுநாள் காலை அதன் செயலாளர் கையில் ஓர் இட்லியோடு வந்து நின்றார்.

"வாயில வெக்க முடியலம்மா, ஒரே உப்பு. இனிமே உங்க மாவே வேணாங்கறாங்க. யாரு போட்டது? மொதல்ல அந்த ஆள வேலைய விட்டு அனுப்புங்க."

அக்காக்கள் வெலவெலத்துப் போனார்கள்.

"நீதானே டப்பா கிட்ட நின்னுகினு இருந்த?" என்றாள் ஒருத்தி.

"அய்ய, என்னிய இன்னாத்துக்கு இதுல இழுக்கற?" என்று மற்றவள் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அம்மா ஒருமுறை சுற்றிலும் பார்த்தாள்.

"நான்தான் சார். போட்டத மறந்துட்டு ரெண்டாந்தரமும் போட்டுட்டேன். நானே எல்லா வூட்டுக்கும் வந்து சரி பண்ணித் தரேன்."

அன்றைய வியாபாரத்துக்கு ஊறிய அரிசியையும் உளுந்தையும் உப்பே இல்லாமல் அரைக்கச் சொன்னாள். பொட்டலங்களை ஸ்கூட்டியில் ஏற்றி, முன்னால் என்னையும் நிற்க வைத்துக்கொண்டாள். வீடு வீடாக மணி அடித்தோம். "நேத்து மாவோட இத சரிபாதியா கலந்து தோச ஊத்துங்க, உப்பு சரியாயிடும். காசு வேணாம்." மூன்றாம் மாடியில் ஒருவர் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினார். அம்மா பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டு அடுத்த மணியை அடித்தாள். நாங்கள் கடைசி மாடியை முடித்துக் கீழே இறங்கியபோது செயலாளர் எங்களை நிறுத்தினார். தோசை நன்றாக வந்ததாம். நாளைக்கும் மாவு கொண்டுவரச் சொன்னார்.

திரும்பும்போது என் மனம் லேசாகியிருந்தது. தப்பு என்னுடையது இல்லையே, அம்மாதான் இரண்டு தடவை போட்டிருக்கிறாள்! என் டம்ளரையும் சேர்த்தால் மூன்றாகுமே என்ற கணக்கு அந்தத் தலைக்கு எட்டவில்லை. அம்மாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.

"வுடும்மா, எல்லாருக்கும்தான் தப்பு வரும். அடுத்த தடவ பாத்துப் போடு."

அம்மா வண்டியை ஓரமாக நிறுத்தினாள். என் உச்சந்தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். "சரி கண்ணு, பாத்துப் போடறேன்."

வீட்டுக் கொடியில் துவைத்த என் கவுன் மொடமொடவென்று காய்ந்து தொங்கியது. வாளிக்குப் பின்னாலிருந்து அது எப்போது அங்கே போனது என்று நான் யோசிக்கவே இல்லை. அம்மாவை மன்னித்துவிட்ட பெருமையில் அதன் அடியில் குனிந்து உள்ளே ஓடினேன்.