குழாயின் வாயும் என் சுண்டுவிரலும்

எங்கள் ஜீப் தண்ணீருக்கு அடியால் ஓடப்போகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டேன். வகுப்பில் பாதிப்பேர் நம்பினார்கள். கெட்ட காலம், அந்தப் பாதியில் நானும் ஒருவன்.

ஜீப் மாமாவுடையது. உம்மாவின் தம்பி. கற்பிட்டியில் இருந்து புத்தளம் சந்தைக்கு மரக்கறி ஏற்றுவார். நாலு சில்லும் இழுக்கும் பழைய டீசல் வண்டி. எங்கள் வாப்பா கட்டாரில் இருந்ததால் வீட்டில் எந்தப் பயணம் என்றாலும் மாமாவைத்தான் பிடிக்க வேண்டும்.

உம்மாவின் சொந்த ஊர் காட்டுக்கு அப்பால், மன்னார்ப் பக்கம். அவர் குமரியாக இருந்தபோது யுத்தத்தில் ஊரையே ஒரே நாளில் வெளியேற்றிவிட்டார்கள். யுத்தம் முடிந்த பிறகு ஊராட்கள் சிலர் போய்ப் பள்ளிவாசலைத் துப்புரவாக்கினார்கள். வருகிற வெள்ளிக்கிழமை அங்கே முதல் ஜும்ஆத் தொழுகை, பகல் கந்தூரிச் சாப்பாடு, பெண்களும் வரலாம் என்று செய்தி வந்தது. அன்றிலிருந்து உம்மாவைப் பிடிக்க முடியவில்லை. கொண்டுபோக இனிப்புத் தொதல் கிண்டினார். பையின் அடியில் ஒரு வெற்றுப் போத்தலை வைத்தார். அங்கே பழைய வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி வரவாம்.

மாமாதான் இழுத்தடித்தார். மழைக்கு எலுவன்குளத்துத் தாழ்ந்த சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் கலா ஓயா ஆறு பாய்கிறது என்றார். சுற்றுப் பாதையால் போக ஜீப் தாங்காது என்றார்.

“இடுப்பளவு தண்ணி, ராத்தா. எஞ்சினுக்குள்ள ஒரு மிடறு போனாலும் வேலை முடிஞ்சிது.”

“காட்டுக்குப் போற ஜீப்புக்கெல்லாம் பக்கத்துல குழாய் நிக்குதே, தம்பி. நீயும் ஒண்டு வையேன்.”

உம்மா இவ்வளவு கவனித்திருப்பார் என்று மாமா எதிர்பார்க்கவில்லை. முகம் ஒரு மாதிரியாகிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் வேலை தொடங்கியது. பிவிசி பைப், ஒரு முழங்கை மூட்டு, பழைய பஸ்ஸில் கழற்றிய றப்பர் குழாய், இறுக்கிக் கட்டக் கம்பி. எஞ்சின் காற்று இழுக்கும் வாயிலிருந்து குழாய் வெளியே வந்து கண்ணாடி ஓரமாக நிமிர்ந்து நின்றது. நான் மெதுவாகக் கேட்டேன்.

“மாமா, இதால நாம எல்லாரும் மூச்சு விடேலுமா?”

“இது எஞ்சினுக்கு, மருமகனே. நாம மூச்சப் பிடிச்சிக்கிட்டு இரிக்கணும்.”

“எவ்வளவு நேரம்?”

“ஆறு முடியிற வரைக்கும்.”

மாமா சிரிக்காமல் பகிடி விடுகிற ஆள். நான் குளியலறைக்குப் போய் வாளித் தண்ணீரில் முகத்தை அமிழ்த்தி எண்ணிப் பார்த்தேன். பத்தொன்பது. அதற்கு மேல் உயிர் நிற்கவில்லை. கலா ஓயா பத்தொன்பதுக்குள் முடிகிற ஆறு அல்ல.

பகலுக்குப் பிறகு சோதனை. எஞ்சினை ஓடவிட்டுக் குழாயின் வாயை உள்ளங்கையால் மூடினால், மூச்சு முட்டி எஞ்சின் நின்றுவிட வேண்டும். நிற்காவிட்டால் எங்கோ மூட்டில் ஓட்டை. காற்று போகிற ஓட்டையால் தண்ணீரும் போகும். மாமா பொனற்றைத் திறந்து மூட்டுகளில் காதை வைத்துக்கொண்டார். நான் ஒரு கதிரையில் ஏறி வாயை மூடினேன். குழாய் என் உள்ளங்கையை அப்படியே உறிஞ்சிப் பிடித்தது. எஞ்சின் திணறியது. இது நின்றால் பயணம் நிச்சயம், பயணம் நிச்சயமென்றால் என் மௌத்தும் நிச்சயம். சுண்டுவிரலைக் கொஞ்சம் தூக்கினேன். எஞ்சின் மறுபடி தாராளமாக ஓடியது.

“எங்கயோ காத்து போகுது” என்றார் மாமா.

எல்லா மூட்டுக்கும் பசை பூசினார். மறுபடி மூடு என்றார். மறுபடி சுண்டுவிரல். டயர் டியூப்பைக் கீறிச் சுற்றினார். மறுபடியும் சுண்டுவிரல். நாலாவது முறை அவர் நிமிர்ந்து என் கையைப் பார்த்தார். பிறகு குனிந்து மறுபடி மூட்டில் காதை வைத்துக்கொண்டார்.

மஃரிப் பாங்கு சொல்லும்போது உம்மா வாசலுக்கு வந்தார்.

“இன்னும் சரிவரல்லியா, தம்பி?”

“இல்ல, ராத்தா. இதை நம்பி ஆத்துல இறங்கேலாது.”

உம்மா ஜீப்பைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். அடுத்த நாள் தொதல் அயல் வீடுகளுக்குப் போனது. உயிர் தப்பிய சந்தோஷத்தில் பெரிய துண்டு எனக்கு. ஜும்ஆ நேரத்தில் உம்மா தொழுகிற முஸல்லாப் பாயில் நெடுநேரம் எழும்பாமல் இருந்தார். பயணக் களைப்பை மிச்சம் பிடித்தோமே, இதில் என்ன கவலை என்று நினைத்தேன்.

ஆறு வற்றிய பிறகுதான் போனோம். பாலத்தில் தண்ணீர் கணுக்காலுக்கும் இல்லை. நான் வீணாக மூச்சைப் பிடித்தேன்.

யுத்தம் முடிந்த கையோடு மாமா மோட்டார் சைக்கிளில் ஒரு தரம் ஊருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். “வீட்டுக்கு ஓடு மட்டுந்தான் இல்ல, ராத்தா. சுவர் எல்லாம் நிக்கிது” என்று சொல்லியிருந்தார். அங்கே சுவர் இல்லை. அத்திவாரமும் இல்லை. உடைமுள் ஆளுயரத்துக்கு வளர்ந்திருந்தது. கிணறு எந்தப் பக்கம் என்று உம்மாவுக்கே தெரியவில்லை. போத்தலைக் கையில் பிடித்தபடி நின்றார். அழவில்லை. “தம்பி” என்று ஒரு தரம் மட்டும் கூப்பிட்டார்.

மாமா வரவில்லை. ஜீப்போடு சாய்ந்து நின்று, அழுக்கே இல்லாத குழாயை லேஞ்சியால் துடைத்துக்கொண்டிருந்தார். தன் கைவேலையை ரசிக்கிறார் என்றுதான் நினைத்தேன். இவ்வளவு பெரிய மனுசனை ஒரு சுண்டுவிரலால் ஏமாற்றினேனே என்று எனக்குள் சிரிப்பும் வந்தது.

நான் கதிரை போட்டு ஏறிய அந்தக் குழாயின் வாய், மாமாவின் கண்ணுக்கு நேரே இருந்தது.